சர் சி.பி.யும் தனித் திருவிதாங்கூரும்

சென்ற தீபாவளிக்குப் புனேயிலிருந்து வந்திருந்த என் பேரன், பட்சணத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ஒரு ஸ்டேட் தனி நாடாப் போகலாமா? ஸ்கூல்ல டிபேட். நான் 'போகலாம்'னு பேசணும்."

ஸ்காட்லாந்து, கியூபெக் எல்லாம் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தான். ஸ்காட்லாந்தில் 2014-ல் வாக்கெடுப்பு நடந்து நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் பிரிட்டனோடு இருப்போம் என்றது, கியூபெக்கில் 1995-ல் ஒரு சதவீதத்துக்குச் சற்றே அதிகமான வித்தியாசத்தில் கனடா பிழைத்தது எல்லாம் அவனுக்கு மனப்பாடம். "அவ்வளவு தூரம் எதற்குடா போகிறாய்? உன் கொள்ளுத்தாத்தா சம்பளம் வாங்கின சர்க்காரே தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட சர்க்கார்தான்" என்றேன். அவன் நம்பவில்லை. திருவிதாங்கூர் என்ற பெயரையே அவன் கோயில் நிலவறைச் செய்தியில்தான் கேட்டிருக்கிறான்.

அவனுக்குச் சொன்னதை நம் பத்திரிகைக்கும் எழுதலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். சர் சி.பி. ராமஸ்வாமி அய்யர் நம் சமூகத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர். அவர் செய்த மிகப் பெரிய தவறு என்று நான் கருதுவதைப் பற்றி இங்கே எழுதினால் சில அன்பர்களுக்கு வருத்தம் வரலாம். ஆனால் எங்கள் வீட்டிலேயே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி இருந்தது. அந்த இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1950-ல், நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில். அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். என் அப்பா திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். சர் சி.பி.யை நேரில் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட கோப்புகளைத் தூக்கிப் போனவர் என்ற பெருமை கடைசி வரை அவருக்கு இருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, 1947-ல் கல்லூரி மாணவர். ஊர்வலத்தில் போனதற்காகக் கல்லூரியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அம்மாவுக்குப் பிறந்தகம் கல்லிடைக்குறிச்சி. அதாவது பிரிட்டிஷ் ராஜ்யம், திருநெல்வேலி ஜில்லா. ஆரல்வாய்மொழிச் சௌக்கையைத் தாண்டினால் வேறு நாணயம், வேறு தபால். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அஞ்சல் என்றால் திருவிதாங்கூரின் சொந்தத் தபால் இலாகா. இந்த இரண்டையும் அம்மா எங்களுக்கு ஏதோ புராணம் போலச் சொல்வாள்.

ஆக, திருவிதாங்கூர் தனி நாடு என்று சொன்னது ஒன்றும் வானத்திலிருந்து குதித்த எண்ணம் அல்ல. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த ராஜ்யம் அது. 1750-ல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆண்டார். பிரிட்டிஷார் அதைப் போரிட்டுப் பிடிக்கவில்லை. 1795-லும் 1805-லும் செய்த உடன்படிக்கைகள் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். 1941 மக்கள்தொகைக் கணக்கில் அறுபது லட்சம் பேர். பக்கத்தில் இலங்கைக்கு 1946 கணக்கில் அறுபத்தாறு லட்சம். இலங்கை 1948 பிப்ரவரியில் தனி நாடாகி இன்றும் இருக்கிறது. அளவு போதாது என்ற வாதம் இங்கே எடுபடாது.

சர் சி.பி. அங்கே வந்தது 1931-ல், சட்ட ஆலோசகராக. 1936-ல் திவான். அந்த ஆண்டு நவம்பர் 12-ம் தேதி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இந்தியாவில் வேறு எந்த அரசும் செய்யாததை இருபத்து நான்கு வயது மகாராஜா செய்தார். அதன் பின்னால் திவான் இருந்தார் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு 1937-ல் சர்வகலாசாலை, 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம், ஆலுவாயை ஒட்டி உரத் தொழிற்சாலையும் அலுமினியத் தொழிற்சாலையும், திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலை, 1944-ல் மரண தண்டனை ஒழிப்பு. கேரளம் தன் ஆலைகள் என்று இன்று சொல்லிக்கொள்பவற்றில் பழையவை பெரும்பாலும் அவர் காலத்து விதைகள்தான். அவர் மாதவ ராவும் சேஷய்ய சாஸ்திரியும் உட்கார்ந்த நாற்காலிக்கு ஏற்றவர் என்று அப்பா சொல்வதில் மிகை இல்லை. இள வயதில் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னணியில் நின்றவர், 1917-ல் காங்கிரஸ் செயலாளராகவே இருந்தவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதே மனிதர் ஸ்டேட் காங்கிரஸைத் தடை செய்து தலைவர்களைச் சிறையில் வைத்தார். 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்ததிலிருந்து சிரியன் கிறிஸ்தவர்களுக்கு அவர் மேல் தீராத கோபம். 1946-ல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்ட யோசனையில் வயது வந்தோருக்கெல்லாம் ஓட்டு உண்டு. ஆனால் அந்த ஓட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை திவானை நீக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதியைக் காங்கிரஸ் நீக்க முடியாதல்லவா, அது போல என்றார். அமெரிக்க ஜனாதிபதி ஓட்டு வாங்கி வருகிறார், திவான் அரண்மனை உத்தரவில் வருகிறார் என்பது தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்தது. 'அமெரிக்கன் மாடலை அரபிக்கடலில் எறிவோம்' என்று ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்கள் கோஷம் போட்டார்கள். அந்த அக்டோபரில் புன்னப்ராவிலும் வயலாரிலும் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கும் ஜனங்கள் கணக்கும் இன்று வரை ஒத்துப்போகவில்லை. நூற்றுக்கணக்கில் என்பது மட்டும் நிச்சயம். என் சித்தப்பா ஊர்வலம் போகத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

இனி 1947-க்கு வருகிறேன். ஜூன் 3-ம் தேதி மவுண்ட்பேட்டன் பிரிவினைத் திட்டத்தை அறிவித்தார். ஜூன் 11-ம் தேதி, பிரிட்டிஷார் போன பிறகு திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும் என்று சர் சி.பி. அறிவித்தார். மறுநாள் ஹைதராபாத் அதே மாதிரி அறிவித்தது. முதல் அடி எடுத்து வைத்தது திருவிதாங்கூர் என்பதால்தான் டில்லியில் அவ்வளவு பதற்றம்.

சட்டத்தில் அவர் சொன்னதற்குப் பலம் இருந்தது. சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதிகள் அல்ல. அவற்றுக்கு உறவு பிரிட்டிஷ் மகுடத்தோடு. மகுடம் போகும்போது அந்த மேலாதிக்கமும் காலாவதியாகும், அது புதிய அரசுக்குக் கைமாறாது என்று 1946 மே மாதத்திலேயே கேபினட் மிஷன் எழுத்தில் கொடுத்திருந்தது. பின்னால் ஜூலையில் நிறைவேறிய இந்திய சுதந்திரச் சட்டத்தின் ஏழாவது பிரிவும் அதையே சொன்னது. அதோடு இன்னொரு வாதம். ஒரே இந்தியா என்றால் சேருவது பற்றிப் பேசலாம், இந்தியாவே இரண்டாகப் பிளக்கும்போது எங்களை மட்டும் ஏன் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்பது. இந்த இரண்டாவது வாதத்துக்கு அன்று யாரும் நேராகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் வாதத்துக்குப் பதில் சொன்னவர் டாக்டர் அம்பேத்கர். ஜூன் 17-ம் தேதி அவர் வெளியிட்ட அறிக்கை சட்டம் படித்தவர்கள் தேடிப் பார்க்க வேண்டியது. மேலாதிக்கம் என்பது மகுடத்தின் உரிமை, மகுடம் அந்தந்த நாட்டு மந்திரிகளின் ஆலோசனைப்படி நடப்பது, இந்தியாவுக்கு மந்திரிகள் வந்துவிட்டால் அந்த உரிமையும் இந்தியாவுக்கே வரும், அதைக் காலாவதியாக்கப் பிரிட்டனுக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடினார். இரண்டு பெரிய வக்கீல்கள், இரண்டு முடிவுகள். காங்கிரஸ் கமிட்டி ஜூன் 15-ல் சமஸ்தானங்களின் சுதந்திரத்தை ஏற்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. அப்படி அறிவித்த சமஸ்தானத்தை அங்கீகரிக்கும் வெளிநாட்டைப் பகைநாடாகக் கருதுவோம் என்றார் நேரு. ஜின்னா மறுபக்கம் நின்று, சமஸ்தானங்களுக்குப் பூரண உரிமை உண்டு என்றார். திருவிதாங்கூர் உடனே பாகிஸ்தானுக்குத் தன் பிரதிநிதியாக ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரை நியமித்தது. பத்மநாபசுவாமியின் ராஜ்யம் கராச்சிக்குத் தூதர் அனுப்புகிறது என்றால் கோட்டைக்குள் திண்ணைகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா கட்சி இதுதான்: சர் சி.பி. சொன்னால் அதில் ஏதோ கணக்கு இருக்கும். அந்தக் கணக்கில் ஒன்று தோரியம் என்று இப்போது நமக்குத் தெரிகிறது. கனிமம் சார்ந்த மத்திய அரசுத் துறை ஒன்றில் வேதியியல் அலுவலராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். கறுப்பு, இல்மனைட். அதில் டைட்டானியம் இருக்கிறது. சிவப்பு, கார்னெட். தேன் நிறத்தில் கனமான மணிகளாக இருப்பது மோனசைட். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அன்று அதன் உபயோகம் காஸ் விளக்கின் மாண்டில். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போவார்களே, அந்த விளக்கின் வெள்ளை வலை. அது தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும். உலகத்தின் விளக்குகளுக்கெல்லாம் எங்கள் கடற்கரை மணல் போயிற்று. மின்சாரம் வந்து மாண்டிலுக்கு மவுசு குறைந்தது. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்ததும் அதே மணலுக்கு மறுபடியும் மவுசு வந்தது.

யுரேனியம் கிடைப்பது அரிது என்று உலகம் நினைத்த காலம் அது. தோரியம் அதற்கு மாற்று என்று பிரிட்டனும் அமெரிக்காவும் அதன் மேல் கண் வைத்தன. பிரிட்டிஷ் அரசோடு மோனசைட் விற்பனை பற்றித் திருவிதாங்கூர் பேசி வந்தது. இந்த மணல் கையில் இருக்கும் வரை லண்டன் நம்மைக் கைவிடாது என்று திவான் நம்பியிருக்க வேண்டும். தவறான நம்பிக்கை என்று அன்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் தோரியம் தானாகப் பிளவுபடாது. அது ஒரு நியூட்ரானை விழுங்கி, புரோட்டாக்டினியமாகி, பிறகு யுரேனியம்-233 ஆக வேண்டும். அதற்கு முதலில் வேறு எரிபொருளில் ஓடும் உலை வேண்டும். 1996-ல் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய உலை யுரேனியம்-233 கொண்டு இயங்கத் தொடங்கியது. திருவிதாங்கூர் அறிவிப்புக்கும் அதற்கும் நடுவில் நாற்பத்தொன்பது ஆண்டுகள். சர் சி.பி. கையில் துருப்புச் சீட்டு இருந்தது. ஆனால் அந்தச் சீட்டை இறக்கக்கூடிய ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஒரு தடவை அலுவல் நிமித்தம் மணவாளக்குறிச்சி ஆலைக்குப் போயிருந்தேன். காந்தம் வைத்தும் மின்புலம் வைத்தும் மணலைப் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைத்திருந்தார்கள். மோனசைட் குவியல்தான் எல்லாவற்றிலும் சிறியது. இந்தக் கைப்பிடி மணலை நம்பியா ஒரு நாட்டைப் பிரகடனம் செய்தார் என்று தோன்றியது.

தோரியம் இருந்தது, அரிசி இல்லை. இதுதான் சித்தப்பா கட்சியின் முதல் வாதம், எனக்கும் இதுதான் பெரிய வாதமாகப் படுகிறது. திருவிதாங்கூரில் தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை எல்லாம் உண்டு. நெல் மட்டும் தேவையில் பாதிக்கும் குறைவு. மீதி பர்மாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. யுத்த காலத்தில் சேர்த்தலைப் பக்கம் பட்டினியால் ஜனங்கள் செத்தார்கள். நாஞ்சில் நாட்டு நெல் வயல்கள்தான் ராஜ்யத்தின் நெற்களஞ்சியம். அந்த நாஞ்சில் நாடோ தமிழ் பேசும் நாடு. இரண்டாவது வாதம் அதிலிருந்து பிறக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைத் தமிழர்கள், ராஜ்யத்தின் மலையாளிகளோடு சேர்ந்து புதிய நாட்டின் பிரஜைகளாக இருப்பார்களா என்று திவான் கேட்கவே இல்லை. 1945-லேயே அங்கே தமிழர்களுக்கென்று தனிக் காங்கிரஸ் உருவாகியிருந்தது. நேசமணி தலைமையில் அது பின்னால் எவ்வளவு வளர்ந்தது என்பது தெரியும். பிரிந்து போகிறவன், தன்னிடமிருந்து பிரிந்து போக நினைப்பவனுக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

அம்மா இந்த வாதங்களை எல்லாம் ஒரு வாக்கியத்தில் முடிப்பாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அப்போது. பேப்பரில் வந்த செய்தியை மாமனார் உரக்கப் படித்தாராம். சமையலறையிலிருந்து அம்மா மெதுவாக மாமியாரிடம் கேட்டாளாம்: "அப்போ நான் பொறந்தாத்துக்குப் போறதுன்னா வெளிநாட்டுக்குப் போறாப்லயா?" தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டாராம். 1865-லேயே பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் வர்த்தக ஒப்பந்தம் செய்து பெரும்பாலான சுங்கங்களை எடுத்துவிட்டன. எண்பது வருஷமாகக் கல்யாணமும் வியாபாரமும் ஆரல்வாய்மொழி வழியாகவும் செங்கோட்டை ரயில் வழியாகவும் போய் வந்துகொண்டிருந்தன. அங்கே எல்லைக் கோட்டை மறுபடி தடித்த மையால் போட வேண்டும் என்றால் அதற்கு ஜனங்கள் வேண்டும். ஜனங்கள் திவான் பக்கம் இல்லை. ஜூலையில் திருவனந்தபுரம் பேட்டையில் கூட்டத்தின் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. பட்டம் தாணு பிள்ளையின் ஸ்டேட் காங்கிரஸ், கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள் என்று ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றானார்கள்.

டில்லியில் சர்தார் படேலின் சமஸ்தான இலாகா ஜூலை 5-ல் தொடங்கியது. செயலாளர் ஒற்றப்பாலத்துக்காரரான வி.பி. மேனன். பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு மூன்றை மட்டும் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் உங்களுடையதே என்ற யோசனை அவர் வகுத்தது. அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில் சர் சி.பி. டில்லி போனார். வைஸ்ராயும் மேனனும் மாறி மாறிப் பேசினார்கள். வரும் நாளில் உங்களுக்கு ஆபத்து டில்லியிடமிருந்து அல்ல, கம்யூனிஸ்டுகளிடமிருந்து, அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற தோரணையில் மேனன் பேசினார். திவான் இளகினார், ஆனால் சம்மதம் சொல்லவில்லை. மகாராஜாவிடம் பேச வேண்டும் என்று ஊர் திரும்பினார்.

ஜூலை 25. அன்று டில்லியில் ராஜாக்களின் சபையில் மவுண்ட்பேட்டன் பேசினார். விட்டுத் தப்பி ஓட முடியாத அண்டை வீட்டுக்காரர் இந்தியா என்பது அந்தப் பேச்சின் சாரம். அதே நாள் மாலை திருவனந்தபுரத்தில், செம்மங்குடி ஸ்ரீநிவாஸ அய்யர் முதல்வராக இருந்த ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமியில் விழா. திவான் கிளம்பும் சமயம் விளக்கு அணைந்தது. இருட்டில் ஒருவன் கத்தியால் வெட்டினான். முகத்திலும் கழுத்திலும் காயம். ரத்தம் மிகவும் போயிற்று. உயிர் தப்பியது மருத்துவர்களால்.

வெட்டியவர் கே.சி.எஸ். மணி. கேரள சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அம்பலப்புழைக்காரர். நம் சமூகத்துப் பிள்ளை. இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனால் மறைப்பதில் அர்த்தமில்லை, கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். திவான் மீது கோபம் இருந்த இடமெல்லாம், 'பரதேசி பிராமணர்' மேலும் கோபம் இருந்தது. 1891-ல் மலையாளி மெமோரியல் என்ற மனு, பெரிய உத்தியோகங்களெல்லாம் வெளியூர்த் தமிழ் பிராமணருக்கே போகின்றன என்று மகாராஜாவிடம் முறையிட்ட நாளிலிருந்து இருந்த கோபம் அது. அப்படிப்பட்ட ஊரில் திவானும் நம்மவர், வெட்டியவரும் நம்மவர் என்றதும் அக்கிரகாரத்தில் யாரும் வாய் திறக்கவில்லையாம். அப்பா அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் வடிவீஸ்வரத்துக்கு வந்து, வாசலில் நின்ற சித்தப்பாவிடம், "உங்க ஆளுக்கு சந்தோஷமா?" என்று கேட்டார். சித்தப்பா வன்முறைக் கட்சிக்காரர் அல்ல. மணியை அவருக்குத் தெரியவும் தெரியாது. இருந்தும் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு பேரும் பல மாதங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஜூலை முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்து வைஸ்ராய்க்குத் தந்தி அனுப்பினார். படுக்கையிலிருந்த திவானின் யோசனையும் அதுவே. ஆகஸ்டிலேயே அவர் பதவியை விட்டு ஊரையும் விட்டுப் போனார். திருவிதாங்கூர் பணிந்ததும் தயங்கி நின்ற வேறு பல சமஸ்தானங்கள் கையெழுத்துப் போட்டன. கத்திக்குத்துதான் திருவிதாங்கூரை இந்தியாவில் சேர்த்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. டில்லியில் பேசித் திரும்பும்போதே அவர் மனசு பாதி மாறியிருந்தது. அரிசியும் ஜனங்களும் மீதிப் பாதியை மாற்றியிருப்பார்கள். ஓர் இளைஞன் கத்தி எடுத்ததால் அந்தப் பாதியை நாம் பார்க்க முடியாமல் போயிற்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. பத்மநாப தாசனாகப் பிரமாணம் எடுத்த நான் இன்னொரு பிரமாணம் எப்படி எடுப்பேன் என்று மகாராஜா தயங்க, ராஜப்பிரமுகராக அவர் பிரமாணம் எடுக்காமலே பதவி ஏற்க வி.பி. மேனன் வழி செய்தார். 1956 நவம்பர் 1-ல் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. ஒரு சுவாரசியம் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவின்படி கேரள அரசு ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கும், தமிழ்நாடு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்கும் தர வேண்டும். இந்தியக் குடியரசின் அரசியல் சட்டத்தில் பத்மநாபசுவாமி ராஜ்யத்தின் பழைய கணக்கு ஒன்று இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

பேரன் கேள்விக்கு நேரான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. 1948 நவம்பர் 4-ல் வரைவுச் சட்டத்தைச் சபையில் வைத்துப் பேசிய அம்பேத்கர், இந்தியா ராஜ்யங்கள் ஒப்பந்தம் போட்டு உண்டாக்கிய கூட்டாட்சி அல்ல, ஆகவே எந்த ராஜ்யத்துக்கும் பிரிந்து போகும் உரிமை இல்லை, அதனால்தான் 'யூனியன்' என்ற சொல் என்று விளக்கினார். ஆனால் பிரிவினையைப் பேசுவது அன்று குற்றமாக இல்லை. 1962 மே மாதம் ராஜ்யசபையில் அண்ணாதுரை தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். அந்த ஆண்டு தேசிய ஒருமைப்பாட்டுக் கவுன்சில், பிராந்திய வாதத்தை ஆராய ஒரு குழு அமைத்தது. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காக்கப் பேச்சுரிமையில் வரம்பு வைக்கலாம், தேர்தலில் நிற்பவர்கள் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. அதுவே 16-வது திருத்தமாகி 1963 அக்டோபர் 5 முதல் அமலுக்கு வந்தது. தி.மு.க. அந்த ஆண்டே பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

அந்தக் குழுவின் தலைவர் சர் சி.பி. ராமஸ்வாமி அய்யர்.

இதைப் பேரனிடம் சொன்னபோது, "ஏன் தாத்தா, அவர் கட்சி மாறிட்டாரா?" என்றான். பதினைந்து ஆண்டுகளில் ஒரு மனிதர் தன் தவறை உணர்ந்து திருத்திக்கொண்டார் என்று சொல்லலாம். வக்கீல் எந்தக் கட்சிக்காரருக்கு ஆஜரானாலும் முழு மனசோடு வாதாடுவார் என்றும் சொல்லலாம். அப்பா முதலாவதைச் சொல்வார், சித்தப்பா இரண்டாவதை. அடியேன் கட்சி மூன்றாவது. 1947-ல் அவர் மகாராஜாவுக்கு விசுவாசமாக இருந்தார், 1962-ல் தேசத்துக்கு. இரண்டு தடவையும் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் சட்டத்தில் என்ன எழுதலாம் என்பதில்தான் அவருடைய புத்தி போயிற்று.

1966 செப்டம்பர் 26-ம் தேதி சர் சி.பி. லண்டனில் காலமானார். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். பேப்பரைப் பார்த்த அப்பா ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். தாயாதிச் சாவுக்குச் செய்வது போல. சித்தப்பா அன்று மதுரையிலிருந்து வந்திருந்தார். அவரும் சட்டையைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டு, அப்பா கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.